பெரும்பூதூர் என்று சொல்லாதே

தம்பி, பாப்பா, போன ஞாயிற்றுக்கிழமை நாம் நாலு பேரும் உங்கள் மாமா வீட்டுக்குப் போனோமே, அன்று பஸ்ஸில் தம்பிதான் டிக்கெட் வாங்கினான். "ஸ்ரீபெரும்புதூர் நாலு" என்றான். போர்டில் எழுதியிருப்பதில் ஒரு எழுத்துகூட விடாமல், ஸ்ரீயை நன்றாக அழுத்திச் சொன்னான். கண்டக்டர் நம்ம பக்கத்து ஆள். டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "இன்னா தம்பி, ஊருக்குப் புதுசா? யாரு வூட்டுக்கு வந்துகீற?" என்று கேட்டார். நீங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அம்மாவும் சிரித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இறங்கி நடக்கும்போது பாப்பா கேட்டாள்: "இன்னாப்பா, மூஞ்ச தூக்கி வச்சிக்கினு வர்ற?" ஒன்றுமில்லை என்று சொன்னேன். ஒன்றுமில்லாமல் இல்லை. தம்பிக்கு அந்தப் பேச்சு எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று எனக்குத் தெரியும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் வாயால் சொன்னால் நடுவில் உங்கள் அம்மா புகுந்து என்னை நல்லவனாக்கிவிடுவாள்.

நம்ம ஊர்க்காரர்கள் யாரும் ஸ்ரீபெரும்புதூர் என்று சொல்ல மாட்டார்கள். பெரும்பூதூர்தான். கோயிலுக்குப் போனாலும் பெரும்பூதூர், தாலுகா ஆபீசுக்குப் போனாலும் பெரும்பூதூர். சுங்குவார்சத்திரம் வெறும் சத்திரம். குன்றத்தூர் குன்னத்தூர். ஒரகடத்தை வாயைத் திறந்தும் திறக்காமலும் சொல்லி முடித்துவிடுவோம்.

கம்பெனி பஸ் ஓட்டுகிறவன் காதில் இந்த ஊர்ப் பெயர்கள் படாத பாடு படும். தெற்கேயிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பிள்ளைகள் பரீட்சைக்குப் படிப்பதுபோல முழுசாகச் சொல்வார்கள். வடக்கத்திப் பையன்கள் ஓராகாடம் என்று இரண்டு இடத்தில் இழுப்பார்கள். கொரியாக்காரர் ஒருவர் கொஞ்ச நாள் என் வண்டியில் வந்தார். அவருக்கு ஸ்ரீயும் வராது, பெரும்பும் வராது, கடைசியில் "தூர்" மட்டும் தெளிவாக வரும். நான் அதற்கும் நிறுத்துவேன்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். வெளியூர்க்காரர்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி முடிக்கும்போது குரல் கொஞ்சம் மேலே போகும். சரியாகச் சொன்னேனா என்று நம்மைக் கேட்பதுபோல. ஊர்க்காரனுக்கு அந்தச் சந்தேகம் கிடையாது. அவன் பெயரைக் கீழே போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான்.

இதெல்லாம் நானே கண்டுபிடித்துச் சேர்த்துவைத்த சங்கதிகள். யாரும் கேட்காதவரை அதனால் யாருக்கும் ஒன்றும் இல்லை.

என் பஸ் காலையில் குன்றத்தூரில் கிளம்பும். பெரும்பூதூரில் ஹாஸ்டல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, நம்ம ஊர் வழியாக ஒரகடம் போகும். குன்றத்தூரில் எச்.ஆர். சார் ஒருவர் ஏறுவார். ஏஜென்சிக்காரர். கம்பெனிக்கு ஆள் எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. மதுரைப் பக்கம். சின்ன வயது. நல்ல மனிதர் என்றுதான் இப்போதும் சொல்வேன். எப்போதும் எனக்குப் பக்கத்து சீட்டில்தான் உட்காருவார். மற்ற ஆபீசர்கள் ஏறியதும் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தூங்கிவிடுவார்கள். இவர் மட்டும் என்னை "அண்ணே" என்று கூப்பிட்டுப் பேசிக்கொண்டே வருவார்.

போன வருஷம் வெயில் காலத்தில் ஒருநாள் கேட்டார்: "நானும் வந்து மூணு வருஷமாச்சுண்ணே. இன்னும் பழக்கடைக்காரன் என்னைப் பாத்து வெளியூரான்னு கேக்குறான். எப்படிண்ணே கண்டுபிடிக்கிறீங்க?"

"அது வாயிலயே தெரிஞ்சிடும் சார்."

"நான் மதுரைத் தமிழெல்லாம் பேசறதில்லையேண்ணே. மெட்ராஸ்காரன் மாதிரிதானே பேசறேன்."

"மத்த பேச்செல்லாம் மாத்திக்கலாம் சார். எங்காளே படிச்சவங்களாண்ட பேசசொல்லோ 'இன்னா'வ உட்டுட்டு 'என்ன'ன்னு மாத்திக்குவான். 'வூடு' கூட 'வீடு' ஆயிடும். ஊர் பேரு மட்டும் மாறாது. உங்கள மாதிரி ஆளு ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துலன்னு சொல்லுவீங்க. எங்காளுக்கு 'ஸ்ரீ'யும் கெடையாது, 'பக்கத்துல'யும் கெடையாது. பெரும்பூதூராண்ட. அவ்ளோதான். கோட்டு சூட்டு போட்டு உக்கார வச்சாலும் அதான் வரும்."

சார் சிரித்தார். "பெரும்பூதூராண்ட" என்று சொல்லிப் பார்த்தார். வரவில்லை. நான் இன்னொரு தடவை சொல்லிக் காட்டினேன். ஒரகடம் வரைக்கும் ஒவ்வொரு ஊராகக் கேட்டுக்கொண்டே வந்தார். படித்த மனிதர் ஒருவர் நான் சொல்வதைக் கேட்டு ரசித்துக்கொண்டு வந்தது எனக்குப் பெருமையாக இருந்தது. அன்று சாயங்காலம் உங்கள் அம்மாவிடம்கூடச் சொன்னேன், சார் என்னை வாத்தியார் ஆக்கிவிட்டார் என்று.

இங்கே ஆள் எடுக்கிறவர்களில் சிலரிடம் ஒரு வழக்கம் உண்டு. எழுத்தில் எங்கேயும் இருக்காது. சுற்றுவட்டார ஊர்க்காரர்களை உற்பத்தி லைன் வேலைக்கு எடுக்காமல் தட்டிக் கழிப்பார்கள். ஊர்க்காரன் என்றால் திருவிழாவுக்கு லீவு, பங்காளி சாவுக்கு லீவு. சூப்பர்வைசர் ஒரு வார்த்தை அதட்டினால் மறுநாள் கேட்டில் மாமனும் மச்சானும் வந்து நிற்பார்கள். தூரத்து ஊர்ப் பிள்ளைகள் என்றால் ஹாஸ்டலைவிட்டால் கம்பெனி, கம்பெனியைவிட்டால் ஹாஸ்டல். டிரைவர் வேலைக்கு இந்தக் கணக்கு கிடையாது. சந்துபொந்து தெரிந்தவன் வேண்டும் என்று எங்களை மட்டும் வைத்துக்கொள்வார்கள்.

இந்த வழக்கம் எனக்குத் தெரியாதா? தெரியும். டீக்கடையில் எல்லோரும் பேசுவதுதான். நான் சாரிடம் விளையாட்டாகச் சொன்னதும் இந்த வழக்கமும் ஒரே இடத்தில் போய்ச் சேரும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் அக்கா, அதாவது பெரியப்பா மகள், அப்போதுதான் காஞ்சிபுரத்தில் காலேஜ் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். வாலாஜாபாத் பக்கத்திலிருந்து ஒரு வரன் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அக்காவுக்குத்தான் மனசில்லை. ரெண்டு வருஷம் வேலைக்குப் போய்விட்டுப் பிறகு பார்க்கலாம் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பெரியப்பா கடைசியில் ஒரு முடிவு சொன்னார்: "தைக்குள்ள வேல வாங்கிக்கினு வந்து காட்டு. ரெண்டு வருஷம் உன்ன ஒண்ணியும் கேக்க மாட்டேன். இல்லன்னா அவங்களுக்கு வாக்கு குட்த்துடுவேன்."

எங்கள் சார் சத்திரத்தில் ஒரு மண்டபத்தில் இன்டர்வியூ வைக்கிறார் என்று அக்காவுக்குச் சொன்னது நான்தான். நீங்கள் இரண்டு பேரும் அவளுக்குத் திருநீறு பூசி அனுப்பினீர்கள்.

மறுநாள் காலையில் சார் பஸ் ஏறும்போதே சிரித்துக்கொண்டு ஏறினார்.

"அண்ணே, நேத்து முழுக்க உங்க ஞாபகம்தான்."

"இன்னா சார்?"

"இன்டர்வியூல ஆதார வச்சு ஒண்ணும் சொல்ல முடியலண்ணே. வாடகைக்கு இருக்கவனும் இந்த அட்ரஸுக்கு மாத்தி வச்சிருக்கான், ஊர்க்காரனும் இதே அட்ரஸ். யாரு யாருன்னு எப்படிப் பிரிக்கிறது? உங்க வித்தையப் போட்டேன். வேற ஒண்ணும் கேக்கல. எங்க பஸ் ஏறுன, எங்க எறங்குன, அவ்வளவுதான். சும்மா டக்டக்னு பிரிஞ்சுச்சு."

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு பொண்ணு, பாவம், நல்ல மார்க். கேட்டதுக்கெல்லாம் டீசன்டா பதில் சொல்லுச்சு. நானே எடுத்துரலாம்னு நினைச்சேன். கடைசில, பெரும்பூதூராண்ட ஏறி சத்திரத்தாண்ட எறங்கனேன் சார்னுச்சு. அப்படியே நீங்க சொன்ன மாதிரிண்ணே. சொல்லி அனுப்புறோம்மான்னு அனுப்பிட்டேன்."

நான் கியரை மாற்றினேன். அது மாற்ற வேண்டிய இடம் இல்லை. வண்டி உறுமியது.

அது எங்கள் அண்ணன் மகள் சார் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் என்ன ஆகும்? மற்ற இடங்களில் சொந்தக்காரன் உள்ளே இருந்தால் சிபாரிசு. இங்கே சொந்தக்காரன் நானாக இருந்தால் அவள் ஊர்க்காரி என்பதற்கு அத்தாட்சி. சந்தேகமாக இருந்ததை நானே முத்திரை குத்தி உறுதி செய்ததாக ஆகும். அப்படி நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று அன்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். உண்மையில், வித்தை சொல்லிக் கொடுத்த ஆள் என்று அவரிடம் எனக்கு ஒரு மரியாதை வந்திருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை என்பதும் அதில் இருந்தது. எது எவ்வளவு என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டே திரிந்தாள். குளிக்கப் போனால்கூட அண்ணியிடம், அதாவது உங்கள் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு, "ரிங்கு வந்தா எட்த்துடும்மா" என்று சொல்லிவிட்டுப் போவாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள்: "சார் இன்னா சித்தப்பா சொன்னாரு? எதனா பேசினாரா?" நான், இன்னும் லிஸ்ட் போடவில்லையாம் என்பேன். அப்படிப் பல நாள் சொன்னேன். அதற்குள் வாலாஜாபாத்காரர்கள் ஒரு தடவை பூ, பழத்தோடு வந்துவிட்டுப் போனார்கள். பெரியப்பா அவர்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை, மறுக்கவும் இல்லை. அவர்கள் போன பிறகு அக்கா பின்பக்கம் குழாயடியில் பாத்திரங்களைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த சத்தம் நம் வீடுவரைக்கும் கேட்டது.

நான் போய் அவள் பக்கத்தில் நின்று நடந்ததைச் சொன்னேன். வண்டியில் பேசியது, சார் சிரித்தது, மண்டபத்தில் அவர் கேட்ட கேள்வி எதற்கு என்பது எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கையில் சோப்பு நுரையோடு நிமிர்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். "இன்னா சித்தப்பா," என்றாள். "எனுக்கு ஆப்பு வச்சது நீதானா? நான் இங்கிலீஷ்ல எதனா தப்பா சொல்ட்டேனோன்னு தூங்காம கெடந்தேன்."

பிறகு தட்டைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டுச் சொன்னாள்: "பூட்டு போட்டது நீதான? சாவியும் நீயே குடு."

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். அதே கம்பெனிக்கு ஆள் எடுக்கும் வேறொரு ஏஜென்சி புரட்டாசியில் இன்டர்வியூ வைத்தது. அதற்கு முந்தைய இரண்டு வாரமும் நம் வீட்டுக் கூடத்தில் பள்ளிக்கூடம் நடந்தது. தம்பி நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, அம்மாவின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "சொல்லும்மா, எங்கேர்ந்து வர்றே?" என்று சார் மாதிரி கேட்பான். அக்கா எதிரே நிற்பாள். பாப்பா தப்புப் பிடிக்கிற வேலை. நான் வாத்தியார்.

"பெரும்பூதூர்னு சொல்லாத. ஸ்ரீபெரும்புதூர். 'பூ' நீட்டக் கூடாது."

"ஸ்ரீபெரும்புதூர்."

"அவ்ளோ கரெக்டா அழுத்தாத. டீச்சர் மாதிரி கீது. கடைசில லேசா மேல தூக்கு. உனுக்கே தெரியாத ஊர் மாதிரி சொல்லு."

"நான் பொறந்தது அந்த ஊரு ஆஸ்பத்திரில சித்தப்பா."

"அதான் பிரச்சன."

பாப்பா, நீ அப்போது தரையில் உருண்டு சிரித்தாய். அக்கா "சத்திரத்தாண்ட" என்று தவறிச் சொல்லும்போதெல்லாம் நீ கையைத் தட்டி, "அவுட்டு, அவுட்டு, வாலாஜாபாத்து" என்பாய். அக்காவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவளுக்கு எவ்வளவு பயம் இருந்தது என்று உனக்குத் தெரிந்திருக்காது. குன்னத்தூர் போய் குன்றத்தூர் வந்தது. ஆண்ட போய் பக்கத்துல வந்தது. ஊர் எது என்று கேட்டால் அவள் அம்மா பிறந்த ஊரான திருவண்ணாமலையைச் சொல்வது, இப்போதைய விலாசம் வாடகை வீடு என்பது. நம்ம ஊர் பெயரையே அவள், நேற்றுத்தான் குடிவந்தவள்போல, கடைசியில் ஒரு சந்தேகத்தோடு சொல்லப் பழகிவிட்டாள். முதல் தடவை அது சரியாக வந்தபோது நான் "ஆங், அதான்" என்று தொடையில் தட்டினேன். தட்டிய கையை அப்புறம் என்ன செய்வது என்று தெரியவில்லை.

பெரியப்பா ஒருநாள் வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "எங்கப்பன், அவங்கப்பன் எல்லாம் உயுத ஊரு. அந்த ஊரு பேர தப்பா சொல்றதுக்கு இங்க டியூசன் நடக்குதா?" என்றார். பிறகு, "ஃபீஸ் எவ்ளோடா வாத்தியாரே?" என்று கேட்டுவிட்டுப் போனார். வேடிக்கையாகத்தான் கேட்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அவர் மகள் அவர் சொல்லிக்கொடுத்த பெயரைச் சொல்லியே வேலை வாங்கியிருப்பாள்.

அக்காவுக்கு வேலை கிடைத்தது. நீங்கள் கேசரி கேட்டீர்கள், அம்மா செய்தாள். இதுவரைக்கும்தான் உங்களுக்குத் தெரியும்.

வேலை கிடைத்தால் எல்லாம் முடிந்தது என்று நானும் நினைத்திருந்தேன். ஆறு மாதம் கழித்துத்தான் நிரந்தரம் செய்வார்கள். அதுவரைக்கும் ஒரு வார்த்தை போதும் நிறுத்திவிடுவதற்கு. அக்காவுக்கு ஒதுக்கிய பஸ் என்னுடையதுதான். நம்ம ஊர் ஸ்டாப்பிலேயே ஏறலாம். வீட்டு வாசலிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் அவள் அங்கே ஏறுவதில்லை. பெரியப்பா அவளைக் காலையில் வண்டியில் வைத்துப் பெரும்பூதூருக்குக் கொண்டுபோய், கொஞ்சம் தள்ளியே இறக்கிவிட்டுத் திரும்புவார். அங்கே ஹாஸ்டல் பிள்ளைகளோடு சேர்ந்து நின்று ஏறுவாள். ஏறி, அதே ரோட்டில் திரும்பி வந்து, நம் வீட்டைத் தாண்டி ஒரகடம் போவாள். சாயங்காலமும் அப்படித்தான். வீட்டைத் தாண்டிப் போய் இறங்கித் திரும்பி வருவாள்.

பஸ்ஸில் அவள் என்னைச் சித்தப்பா என்று கூப்பிட முடியாது. பக்கத்து சீட்டில் சார். மற்றப் பிள்ளைகளைப்போல "டிரைவர் அண்ணா" என்பாள். முதல் நாள் "அண்ணா, கொஞ்சம் ஏசி கம்மி பண்ணுங்க" என்று பின்னாலிருந்து அவள் குரல் வந்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் பழகிவிட்டது. பழகிவிட்டது என்று எழுதும்போதே கஷ்டமாக இருக்கிறது.

ஐப்பசி மழையில் ஒருநாள் காலை, ரோடெல்லாம் தண்ணீர். வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. அக்காவுக்கு அன்று முன்னால்தான் இடம் கிடைத்தது, சாருக்குப் பின் சீட்டு. சார் எதற்கோ திரும்பியவர் அவளைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். என் பக்கம் சாய்ந்து கேட்டார்:

"அண்ணே, இந்தப் பொண்ண எங்கயோ பாத்திருக்கேனே. எந்த ஊருண்ணே?"

"தெரியல சார். ஹாஸ்டல் பொண்ணுங்கல்லாம் ஒரே மாதிரிதான கீறாங்க."

அவர் விடவில்லை. அவளிடமே திரும்பினார். "நீ எந்த ஊரும்மா?"

"திருவண்ணாமலை சார்."

"இங்க?"

"ஸ்ரீபெரும்புதூர்ல தங்கியிருக்கேன் சார்."

சொல்லிக்கொடுத்தபடியே சொன்னாள். கடைசியில் குரல் லேசாக மேலே போயிற்று. சார் தலையாட்டிவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டார். நான் மூச்சு விட்டேன்.

அப்போது நம்ம ஊர் ஸ்டாப் வந்துவிட்டது. அண்ணி அங்கே நின்றிருந்தாள். வல்லத்தில் ஒரு ஹாஸ்டலுக்குச் சமைக்கப் போகிறவள், தினமும் அந்த நேரத்துக்கு ஷேர் ஆட்டோவுக்கு நிற்பாள். நான் அவளைத் தாண்டும்போது ஆரன் அடிப்பேன், அவள் கையைத் தூக்குவாள். நான் கல்யாணமாகாமல் இருந்த காலத்திலிருந்து எனக்குச் சோறு போட்டவள். அன்று மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், என் வண்டியைப் பார்த்ததும் வழக்கம்போலக் கையைத் தூக்கினாள். மகள் முன் சீட்டில் உட்கார்ந்திருப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. முகமெல்லாம் சிரிப்பாகக் குடையையே தூக்கி ஆட்டினாள்.

நான் ஆரன் அடிக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். அக்கா குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் வெளிச்சமே இல்லாமல் கறுப்பாக இருந்தது.

"யாரோ ஒரு அம்மா கை காட்டுதேண்ணே. தெரிஞ்சவங்களா?" என்றார் சார்.

"இல்ல சார். மழைல எந்த வண்டி வந்தாலும் இப்டித்தான் காட்டுவாங்க. ஷேர் ஆட்டோன்னு நெனச்சிக்குதுங்க."

காட்டுவாங்க என்று ஆரம்பித்து, நெனச்சிக்குதுங்க என்று முடித்தேன். அண்ணியை நான் அப்படிச் சொன்னேன். அவள் மகள் காதுபடச் சொன்னேன். பஸ் அண்ணியைத் தாண்டும்போது சக்கரம் பள்ளத்தில் இறங்கித் தண்ணீர் தெறித்தது. அவள் மேல் பட்டதா என்று நான் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் பெரியப்பா வீட்டுக்குப் போகவே எனக்குக் கால் வரவில்லை. ஆனாலும் போனேன். அக்கா எனக்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தாள். பெரியப்பா என்னைப் பார்த்ததும், "வாடா ஷேர் ஆட்டோ" என்று சொல்லிச் சிரித்தார். அக்காவும் சிரித்தாள், ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அண்ணி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். திட்டட்டும் என்றுதான் காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் கை காட்னத அந்த சாரு பாத்துட்டாராமே," என்றாள். "புள்ள வேலைக்கு அதால எதனா வந்துடுமா?"

"ஒண்ணியும் வராது அண்ணி."

"எனுக்குத் தெரில. முன்னாடி ஒக்காந்துகினு வந்துதா, பாத்ததும் சந்தோசத்துல காட்டிட்டேன்."

"நீ இன்னா தப்பு பண்ண? நான்தான் அண்ணி." எதையெல்லாம் நான்தான் என்று சொல்வது? வண்டியில் வாயாடியதா, மண்டபத்தில் அவளை விலக்கவைத்ததா, கூடத்தில் உட்காரவைத்துப் பெயரை மாற்றியதா, காலையில் சொன்னதா?

"சாப்ட்டு போ" என்றாள். தோசை வார்த்துக் கொடுத்தாள். தலையைக் குனிந்துகொண்டு தின்றேன்.

மறுநாள் மழை விட்டிருந்தது. நம்ம ஊர் வளைவில் திரும்பும்போதே பார்த்தேன், அண்ணி அதே இடத்தில்தான் நின்றிருந்தாள். வண்டிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். என் பஸ்தான் என்று தெரிந்ததும் மெதுவாகத் திரும்பி, ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்தப் பக்கத்துக் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டாள். அதில் பார்க்க ஒன்றுமில்லை. வெறும் சிமெண்டுச் சுவர். நாங்கள் தாண்டிப் போகும்வரைக்கும் அவள் திரும்பவில்லை.

அவளை அப்படி நிற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அக்காவிடம் கேட்டேன், அவளும் சொல்லவில்லையாம். அண்ணியிடம் நானே போய், "சும்மா ரோட்டப் பாத்து நில்லு அண்ணி, அந்த சாருக்கு உன்ன அடையாளம்கூடத் தெரியாது" என்று சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும்பா, இன்னும் கொஞ்ச மாசம்தான" என்றாள். அக்கா நிரந்தரம் ஆகப் பங்குனி ஆகிவிடும்.

இப்போதும் தினமும் காலையில் அந்த வளைவில் பஸ் திரும்புகிறது. சார் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது பேசிக்கொண்டு வருகிறார். பின்னால் அக்கா போனைப் பார்க்கிறாள். நான் ஆரனிலிருந்து கையை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்துக்கொள்கிறேன். அண்ணி டிபன் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, சுவர் பக்கம் திரும்பி நிற்கிறாள்.